இடது பக்க இருக்கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் மோட்டார் வைத்திருந்தவர்கள் சிலர் உண்டு. ஆனால் வாஹித் பாஷாவிடம் இருந்தது போன்ற கார் வேலூர் வரை போய்த் தேடினாலும் கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை இல்லை. தாழ்ந்து, நீண்டு, குளத்துப் பாசி நிறத்தில் இருக்கும். சீமையில் பந்தயம் ஓடுகிற ஜாதி என்று சொல்லி விற்றிருந்தார்கள்.

பகலெல்லாம் தன்னுடைய தோல் பதனிடும் கிடங்கில், சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறுகிற வாடையில் நிற்பவர் அவர். எவ்வளவு குளித்தாலும் விடாத அந்த வாடை, காரை ஏலகிரி மலைப் பக்கம் திருப்பிவிட்டால் காற்றோடு கழன்று போய்விடும். மலை நீலமாக எதிரே மிதந்து வரும். அந்த நேரத்தில் அவருக்குக் கிடங்கும் கிடையாது, வயதும் கிடையாது.

காரை இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனம் வந்ததே இல்லை. மனைவியின் தம்பி கலீமுல்லா தன் கல்யாணத்துக்கு ஒரு நாள் கேட்டான். முடியாது என்று சொல்லவும் முடியவில்லை, சாவியைக் கொடுக்கவும் முடியவில்லை. கடைசியில் மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அவரே ஓட்டிக்கொண்டு போனார். தெருவில் சிரித்தார்கள். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் சுண்ணாம்புத் தொட்டி ஓரம் வழுக்கி விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. கை கட்டோடு தொங்க, கார் கொட்டகையில் நின்றது. சாயங்காலம் ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கொட்டகைக்குள் போய் ஸ்டியரிங்குக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவர் மனைவி அன்வரி பேகம் டீ கொண்டுவந்தவள், இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப எங்க போய்ட்டிருக்கோம்?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்து, வாணியம்பாடி தாண்டிவிட்டோம், மலை தெரிகிறது என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. நின்ற காரிலேயே இருவரும் ஊர் ஊராகப் போனார்கள். ஒரு சாயங்காலம் குடியாத்தம். இன்னொரு சாயங்காலம் சென்னைக் கடற்கரை. கொட்டகைக் கூரையில் மழை பெய்யும்போது, பாலாற்றில் வெள்ளம் வருகிறது, பாலத்தில் மெதுவாகப் போங்கள் என்பாள் அவள். அவர் கட்டுப்போடாத கையால் கியரைத் தொடுவார்.

ஒரு நாள் கிடங்கிலிருந்து வர நேரமாகிவிட்டது. கொட்டகைக் கதவைத் திறந்தால், அன்வரி வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். வாஹித் பாஷாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நிற்கிற கார்தானே என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். அப்போதும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறினார்.

அன்று அவள்தான் ஓட்டினாள். வழியில் இருந்த புளியமரங்களை, ஆட்டு மந்தையை, தூரத்தில் போன ரயிலை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். இவ்வளவையும் இவள் எப்போது பார்த்தாள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. காரில் கூட வந்த சில தடவையும் புர்காவுக்குள் தூங்கிக்கொண்டு வருகிறாள் என்றல்லவா நினைத்திருந்தார்.

இறங்கும்போது அவள் மெல்லக் கேட்டாள். "கை சரியானதும், ஒருதரம் நெசமாவே நான் ஓட்டட்டுமாங்க?"

அவர் கொட்டகைக் கதவைச் சாத்தப் போய்விட்டார். பிறகு பல நாள் அந்தக் கேள்வி மனத்தை அரித்தது. கார் கெட்டுவிடும் என்றா பயம்? கெட்டால் சரி செய்யலாம். வேறொருவர் கையிலும் அது இதே மாதிரி ஓடிவிடுமே, அதுதான் பயம் என்று அவருக்கே ஒரு நாள் புரிந்தது. புரிந்தபோது வெட்கமாக இருந்தது.

கட்டு அவிழ்த்த பிறகு ஒரு விடியற்காலை அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஏலகிரி அடிவாரச் சாலை முழுக்கப் பனி. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நிறுத்தி இறங்கினார்.

"இப்படி வந்து உக்காரு," என்றார்.

கிளட்சையும் பிரேக்கையும் காட்டிக்கொடுத்தார். கார் இரண்டு தடவை குதித்து நின்றது. மூன்றாம் தடவை நகர்ந்தது. கொஞ்ச தூரம் மாட்டுவண்டி வேகத்தில் போய்த் திரும்பி வந்தார்கள். சாலையில் அவள் கை நிதானப்பட்டதும், வாஹித் பாஷா தன்னை இறக்கிவிடச் சொன்னார். இந்தக் கார் ஓடி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஓடும்போதெல்லாம் அதற்குள்தான் இருந்திருக்கிறார்.

கார் போயிற்று. பனி அதை மெதுவாக வாங்கிக்கொண்டது. முதலில் சக்கரம், பிறகு பச்சை, பிறகு அவளுடைய கறுப்பு முக்காடு. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். சாலை வளைவில் கார் ஓரமாக நின்றிருந்தது. அன்வரி முகத்திரையை மேலே தூக்கிவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுடுச்சா?" என்றார் மூச்சு வாங்க.

"இல்லீங்க. நான்தான் நிறுத்தினேன். இங்க நிக்கணும்னு தோணிச்சு, நின்னேன். இதுவரைக்கும் நான் நெனச்ச எடத்துல வண்டி எதுவும் நின்னதில்ல."

அவர் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். பனி கலைந்து மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அவளாகப் புறப்படும் வரை காத்திருந்தார்.

ஊர் எல்லையில் இடம் மாறிக்கொள்வது என்று பேச்சு. ஆனால் வாஹித் பாஷாவுக்குச் சாலையைப் பார்க்க வேண்டிய வேலை இல்லை. கரும்புத் தோட்டமும் வானமும் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தன. எஞ்சின் தாலாட்டியது. கண் எப்போது சொருகியது என்று தெரியவில்லை.

அன்வரி அவரை எழுப்பவில்லை. கடைத்தெரு வழியாக நேராக வந்தாள். கிடங்குக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் விலகி நின்று, முதலாளி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு போவதைப் பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் எஞ்சின் அடங்கியபோதுதான் அவர் விழித்தார். நிமிர்ந்து, சுற்றிலும் பார்த்தார்.

"யாராச்சும் பார்த்தாங்களா?"

"எல்லாரும் பார்த்தாங்க," என்றாள் அன்வரி.

அவர் சட்டையை நீவி விட்டுக்கொண்டார். "நாளைக்குக் குடியாத்தம் போலாமா?" என்று கேட்டார்.