ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

முள்ளியவளைச் சனசமூக நிலையத்துக்கு 2001ஆம் ஆண்டு வந்து சேர்ந்த கணினி, மேசையில் குந்தியிருந்ததே தவிர ஒரு வேலையும் செய்யவில்லை. உள்ளே இயங்குதளம் இல்லை. நிலையத் தலைவர் ஐயாத்துரைக்குப் பொறுமை போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவன் பிள்ளை. வேலை செய்யாட்டி உந்தக் கணினியைப் புதுக்குடியிருப்பு நிலையத்துக்குக் குடுத்திடுவன். அவை கேட்டுக்கொண்டு நிக்கினம்" என்று கிருசாந்தியிடம் சொல்லிவிட்டார். கணினி வகுப்பு நடத்தப்போவதாக ஊர் முழுக்கச் சொல்லிப் பிள்ளைகளையும் சேர்த்துவிட்டவள் அவள். கணினி போனால் வகுப்பும் போச்சு, மானமும் போச்சு.

வவுனியாவிலிருந்து தம்பி தர்ஷன் இரண்டு லினக்ஸ் இயங்குதளத் தட்டுகள் அனுப்பியிருந்தான். ஒன்று மாண்ட்ரேக். படமும் சுட்டியுமாகக் கண்ணை நிறைக்கும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் சுகம் என்று சொல்லியிருந்தான். மற்றது சிலாக்வெயர், கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. எந்தப் பைத்தியக்காரி இரண்டாவதை எடுப்பாள்? வெள்ளி காலையில் கிருசாந்தி மாண்ட்ரேக்கைப் போட்டாள்.

மின்சாரம் இல்லாத ஊர். வீடியோப் படம் காட்டுகிறவரிடம் இரவல் வாங்கிய ஜெனரேட்டர் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியது. மாண்ட்ரேக்குக்கோ அவசரமே இல்லை, ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் முடிந்த நேரம் எண்ணெய் தீர்ந்து திரை இருண்டது. அவ்வளவும் வீண், இனி முதலிலிருந்து.

கிருசாந்திக்கு அழுகை வந்தது. மண்ணெண்ணெய் பங்கீட்டில் கிடைக்கிற சாமான், நினைத்தவுடன் வாங்க முடியாது. வகுப்புக்குச் சேர்ந்த தனுஷா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு போத்தலோடு திரும்பி வந்தாள்.

"விளக்குக்கு வைச்சிருந்தது அக்கா."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"பிறகு சொல்லுவன்."

மாண்ட்ரேக் இதையும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். பிள்ளையின் வீடு இன்றைக்கு இருட்டில் கிடக்கப்போகிறது, இந்த எண்ணெயில் சூதாட முடியாது. கிருசாந்தி சிலாக்வெயரைப் போட்டு, அத்தியாவசியமானதை மட்டும் தெரிவு செய்தாள். எண்ணெய் தீருமுன்னே அது கெதியாக ஏறி முடிந்தது. எண்ணெய் தந்தவளின் பெயரையே முதல் பயனராகப் பதிந்தாள்.

ஐயாத்துரை கயிறும் சாக்குமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன பிள்ளை, கறுப்பாக் கிடக்கு? படம் ஒண்டையும் காணேல்லை. பழுதுதானே?"

"இல்லை ஐயா, எழுதினாப் பதில் சொல்லும்."

தனுஷா கதிரையில் அமர்ந்து, விசைப்பலகையில் தன் பெயரின் முதல் எழுத்தைத் தேடினாள். அந்த நேரம் பார்த்து அந்த நாசமாய்ப் போன ஜெனரேட்டர் நின்றது.

"சரி, முடிஞ்சுது" என்று ஐயாத்துரை கயிற்றை அவிழ்த்தார்.

"எண்ணெய்தான் முடிஞ்சுது ஐயா" என்றாள் தனுஷா. "போட்டது உள்ளுக்கை இருக்கு. எங்கட வீட்டு விளக்கு எண்ணெயிலதான் போட்டது."

ஐயாத்துரை அவளையும் வெறும் போத்தலையும் பார்த்தார். பிறகு போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே போய், மோட்டார் சைக்கிளின் எண்ணெய்க் குழாயைக் கழற்றினார். போரில் பெற்றோலுக்குத் தடை இருந்த அந்த நாளில் வன்னியில் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது.

ஜெனரேட்டர் மறுபடி இயங்கியது. பாதியில் நின்ற கணினி தன்னைத்தானே சோதித்துப் பார்த்தது. எழுத்துகள் ஓடின, நின்றன, திரும்பவும் ஓடின. கடைசியில் அது, வந்திருப்பது யார் என்று ஒரு வரியில் கேட்டது. தனுஷா தன் பெயரை எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினாள். அது அவளை உள்ளே விட்டது.

"பிள்ளையை மட்டுக்கட்டுது, ஆரெண்டு தெரியுது அதுக்கு" என்றார் ஐயாத்துரை.

மோட்டார் சைக்கிள் தாங்கியில் மிச்சம் கிடந்ததையும் வடித்து, போத்தலைத் தனுஷாவின் கையில் கொடுத்தார். கயிற்றைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளை வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போனார்.