கார்டு போடாமல் போன நாள்

பன்னிரண்டு மாதம், ஒரே கிணறு. சேந்தமங்கலம் சாலையில் மூடிப்போன பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் பாவாயி அம்மாளின் கிணறு அது. பங்க்கின் டீசல் தொட்டிகள் இன்னும் மண்ணுக்கடியில்தான் கிடக்கின்றன. தண்ணீரில் டீசல் வாடை என்று அந்த அம்மாள் மனுக் கொடுத்திருந்தார். எண்ணெய் இருப்பது உறுதியானால் அரசாங்கம் போர்வெல் போட்டுக் கொடுக்கும். மாதம் ஒரு பாட்டில் தண்ணீரைச் சேலம் ஆய்வகத்தில் சேர்ப்பது என் வேலை. பஸ்ஸில் நின்றே என் இடுப்பு விட்டுப்போனது.

வருகிற தேதியைத் தபால் கார்டில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் போவேன். வேப்பமர நிழலில் உட்கார்ந்தால் மோர் வரும். குடித்து முடிப்பதற்குள் அந்த அம்மாளே பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து தருவார். ஒவ்வொரு மாதமும் எண்ணெய் இல்லை என்றே முடிவு வந்தது. போருக்கு ஆசைப்பட்டு என்னை இப்படி அலைக்கழிக்கிறாரே என்று எரிச்சலாக இருக்கும். போன வாரம் எண்ணெய் இல்லை என்று எழுதி மனுவை முடித்துவைத்தபோது அப்பாடா என்றிருந்தது.

மனு முடிந்தது என்ற கடிதத்தைக் கொடுக்கத்தான் இன்று போனேன். அதற்கெதற்குக் கார்டு?

என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் பதறிப்போனார். "ஏனுங்க, கார்டு போடாம வந்துட்டீங்க? சித்த இருங்க சாமி, கெணத்த எறைச்சு உட்டுர்றேன்."

"எதுக்கு எறைக்கணும்?"

"நீங்க வர்ற அன்னிக்கு அம்பது கொடம் எறைச்சு ஊத்திருவனுங்க. மேல மெதக்கற எண்ணெயத் துணி போட்டு ஒத்தி எடுத்துருவேன். ஆபீசர் கையில நாத்தத் தண்ணியக் குடுக்கறது மரியாதைங்களா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் காட்டுவது? ஒரே ஒரு நாள் நிழலை விட்டு எழுந்து கிணற்றடிக்குப் போயிருந்தால் போதும். இன்றுதான் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் முழுக்க எண்ணெய் படர்ந்து மினுங்கியது. வாடை குமட்டியது.

"அப்ப எனக்குக் குடுத்த மோரு?"

"அது மேட்டுக்காட்டுக் கெணத்துத் தண்ணிங்க. உங்களுக்குன்னு ஒரு கொடம் போயி எடுத்தாருவேன். தெனமும் நடக்க முட்டி ஒத்துக்க மாட்டேங்குது."

"நீங்க எதைக் குடிக்கறீங்க?"

"நான் இதத்தானுங்க."

வெட்கமாக இருந்தது. சட்டைப்பையில் கடிதம் இருந்தது. பையில் பாட்டில்கூட இல்லை.

"வருசம் ஒண்ணாச்சுங்களே," என்றார் பாவாயி அம்மாள். "போரு எப்பங்க போடுவாங்க?"