டிராயருக்குள் இருந்த செல்போன்

2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. சித்தூர் கொங்காரெட்டிப்பள்ளியில் ஒரு தனியார் ஜூனியர் கல்லூரியின் இரண்டாம் மாடிக் கணினி அறையில் அறுபத்து மூன்று மாணவர்கள் இருந்தார்கள். கணினிகள் பதினெட்டு. பொறியியல் கவுன்சிலிங்கில் தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தி இணையத்தில் பதிய அன்று கடைசி நாள்.

ஒவ்வொருவர் கையிலும் இரண்டு தாள்கள் இருந்தன. முதல் தாளில் ஒன்பது விருப்பங்கள் அச்சடிக்கப்பட்டிருந்தன. ஒன்பதும் ஒரே தனியார் பொறியியல் கல்லூரி. பாடப்பிரிவு மட்டும் வரிக்கு வரி மாறியது. இரண்டாவது தாளில், 'மேற்கண்ட விருப்பங்களை யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொந்த விருப்பத்தின் பேரில் அளித்தேன்' என்று தெலுங்கில் ஒரு வாக்கியம். அதன் கீழே கையெழுத்துக்கு இடம்.

தாள்களைக் கொண்டுவந்தவன் சாய்குமார். அந்தப் பொறியியல் கல்லூரியின் பிஆர்ஓ. ஊர் ஊராகப் போய் மாணவர்களைப் பிடித்து வருவதுதான் அந்த வேலை. கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டை, சட்டைப் பையில் பல்குத்தும் குச்சி. அவன் பின்னாலேயே எழுபது பிரியாணிப் பொட்டலங்கள் வந்தன. ஏசி அறை, ஜன்னல்கள் மூடியிருந்தன. பதினோரு மணிக்கே அறை முழுக்க மசாலா வாடை அடைத்துக்கொண்டது. சாப்பிட்ட கையை முழுசாகக் கழுவாத பையன்கள் மறுபடியும் விசைப்பலகையைத் தொட்டார்கள். எழுத்துகளின் மேல் நெய் பளபளத்தது.

"துன்னுங்க கண்ணா, துன்னுட்டு நிதானமா பண்ணலாம். ஏம் தல்லி, உனக்கு லெக் பீஸ் வரலையா?" என்று சாய்குமார் பெஞ்சு பெஞ்சாகக் கேட்டுக்கொண்டு போனான். பெண்களின் தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசினான்.

பிரேமலதா கதவோரம் நின்றாள். கணக்கு விரிவுரையாளர், ஒப்பந்தப் பணி, வயது முப்பத்து நான்கு. சொந்த ஊர் பக்கத்திலேயே கங்காதர நெல்லூர். ஒரு மாதமாகத் தினமும் வகுப்பு முடிந்த பிறகு மாணவர்களை உட்காரவைத்து, கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த ரேங்கோடு முடிந்தது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவள் அவள். ஒவ்வொருவருக்கும் தனி வரிசை. அந்த அறுபத்து மூன்று வரிசைகளும் அவளுடைய நோட்டில் இருந்தன. அந்த வரிசைகளில் எதையும் யாரும் அந்த அறையில் கேட்கவில்லை.

சாய்குமாரின் கல்லூரியை அவள் போன வருஷம் நேரில் பார்த்திருந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் கருவிகள் வந்திறங்கிய தெர்மோகோல் பெட்டிக்குள்ளேயே இருந்தன. பெட்டிகளின் மேல் பல்லி எச்சம்.

"மேடம்." ரோஹிணி பின்னால் வந்து நின்றாள். தாளை இரண்டாக மடித்து வைத்திருந்தாள். "நான் இங்க உக்காரலை. நீங்க எழுதிக் குடுத்ததையே போடலாமா?"

ரோஹிணி நகரிப் பெண். அப்பா சண்முகம் விசைத்தறித் தொழிலாளி. ரேங்க் பதினாறாயிரத்து எண்ணூற்று நான்கு. திருப்பதி பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் அந்த ரேங்குக்குக் கிடைக்கும். சண்முகம் போட்ட நிபந்தனையும் அதுதான். வீட்டிலிருந்தே ரயிலில் போய்வர முடிந்தால் படிப்பு, இல்லையென்றால் இல்லை. சாய்குமாருடைய கல்லூரியின் பஸ் நகரிக்கு வராது.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் தெருமுனை நெட் சென்டருக்குப் போனார்கள். ரோஹிணி ஹால் டிக்கெட் எண்ணை அடித்தாள், பிறந்த தேதியை அடித்தாள். திரையில் வந்தது: '417 என்று முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது.'

"இது எங்க நைனா நம்பர் இல்லையே மேடம்."

 அந்த எண் பிரேமலதாவுக்குத் தெரியும்.

முந்தின வருஷம் பதினோரு மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வுச் செய்தியே வந்து சேரவில்லை. பெற்றோர்களின் செல்போன் எண்கள் ரீசார்ஜ் சலுகைக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே இருந்தன. சண்முகம் மட்டுமே ஒரே வருஷத்தில் மூன்று எண் மாற்றியிருந்தார். அதனால் இந்த மார்ச்சில் அவள்தான் பிரின்சிபாலிடம் ஒரு யோசனை சொன்னாள். எல்லா விண்ணப்பத்திலும் கல்லூரியின் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் எதுவும் தவறாது. அவர் அன்று மாலையே ஒரு புதுப் போன் வாங்கிவந்தார். அறுபத்து மூன்று விண்ணப்பங்களிலும் அந்த எண்ணை உட்கார்ந்து பதிந்தவள் அவளே. ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை.

ரோஹிணியின் கையிலிருந்த போன் அடித்தது. பின்னால் தறிகளின் தடதடப்பு. சண்முகம் கத்தித்தான் பேச முடிந்தது.

"மேடம் பக்கத்துல கீறாங்களா பாப்பா? குடு. மேடம், இன்னா ஆச்சு? போட்டாச்சா?"

"இன்னும் இல்லீங்க. சின்ன வேலை ஒண்ணு பாக்கி இருக்குது."

"திருப்பதிதானே மேடம்? நம்ம ஊரு ஏகாம்பரகுப்பம் டேசன்ல ட்ரெயின் ஏறினா போய்க்கினு வந்துக்கினு இருக்கும். ஆஸ்டல் கீஸ்டல்னா நம்மால ஆவாது. அவங்கம்மாவுக்குக் கண்ணு தெரியல, வூட்ல ஆளு வேணும். திருப்பதி வரலைன்னா தறிக்கு நூல் தார் சுத்த உட்டுடுவேன். சொல்லிட்டேன், அப்புறம் கோச்சிக்காதீங்க."

"வரும்" என்றாள் பிரேமலதா.

கவுன்சிலிங் ஹெல்ப்லைன் சென்டருக்குப் போன் செய்து பார்த்தாள். எண்ணை மாற்றலாம், மாணவி அசல் சான்றிதழ்களோடு திருப்பதிக்கு நேரில் வர வேண்டும் என்றார்கள். அசல் சான்றிதழ்கள் எல்லாம் ஜூனியர் கல்லூரி பீரோவில் இருந்தன.

பிரின்சிபால் நாகபூஷணம் தன் அறையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேஜையில் செய்தித்தாள் விரித்து, எலும்புகளை அதன் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார்.

"கூர்ச்சோண்டி மேடம், உக்காருங்க. துன்னீங்களா?"

"ரோஹிணியோட ஓடிபி வேணும் சார்."

"எந்த ரோஹிணி?"

"நகரிப் பொண்ணு. இல்லைன்னா அவ சர்டிபிகேட்டைக் குடுங்க. நான் திருப்பதிக்குக் கூட்டிக்கினு போறேன்."

"பீரோ சாவி அட்டெண்டர் நாகையாகிட்ட கீது. அவன் காணிப்பாக்கத்துல மச்சான் வூட்டுக் கல்யாணத்துல கீறான். திங்கக்கிழமைதான் வருவான்." எலும்பை உறிஞ்சினார். "ஆப்ஷனை மாத்தறதுக்கு நாளைக்கு ஒரு நாள் குடுத்திருக்காங்கன்னு நம்பிக்கினு இருக்காதீங்க. அதுக்கும் இதே நம்பர்தான்."

மேஜையின் இரும்பு டிராயருக்குள் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அது ஒவ்வொரு முறை அதிரும்போதும் மேஜைமேல் இருந்த ஸ்டீல் தம்ளர் லேசாக நகர்ந்தது. நாகபூஷணம் இடது கையால் டிராயரைத் திறந்து, எண்ணைப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வாசலில் நின்ற சாய்குமாரிடம் நீட்டினார். அவன் மாடிக்கு ஓடினான்.

"இது பசங்களோட நம்பர் சார்" என்றாள் பிரேமலதா.

"நானா கேட்டேன்? ஐடியா உங்களுது. அப்ளிகேஷன் போட்டது நீங்க. மஞ்சி ஐடியா மேடம், நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கறேன், எங்க மேத்ஸ் மேடம் மூளையே மூளைன்னு."

அவர் கையை நக்கினார். அவள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"இப்போ விஷயத்துக்கு வாங்க. மேல பசங்க பாதிப் பேரு கையெழுத்துப் போடலையாம். மேடம் சொல்லட்டும், மேடம் சொல்லட்டும்னு உக்காந்துக்கினு கீறாங்களாம். ஓடிபி நான் குடுத்துடுவேன். ஆனா கையெழுத்து இல்லாம பண்ணேன்னா நாளைக்கு எவனாவது அப்பன்காரன் ஆளைக் கூட்டிக்கினு வருவான். நீங்க மேல போங்க. ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அந்த நகரிப் பொண்ணை விட்டுடறேன், அது எங்க போடணுமோ போட்டுக்கட்டும்."

பிரேமலதா உடனே எழுந்து போயிருக்கலாம். மேலே மாணவர்கள் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; போடாதீர்கள் என்று அவள் சொன்னால் கையெழுத்துப் போடமாட்டார்கள். கையெழுத்து இல்லாமல் அவர் நகரமாட்டார் என்பதை அவரே சொல்லிவிட்டார். அவள் எழவில்லை.

"யமுனாவையும்" என்றாள்.

"யாரு?"

"குடுபல்லிப் பொண்ணு. பதினோராயிரம் ரேங்க். அனந்தபூர் கவர்மெண்ட் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் வரும்."

நாகபூஷணம் வயிறு குலுங்கச் சிரித்தார். "காய்கறிக் கடையா மேடம் இது, கொசுறு கேக்கறதுக்கு? நல்ல ரேங்க்தான் அவங்களுக்கு வேணும், பேனர்ல போட. ஒண்ணுன்னா ஒண்ணு."

டிராயருக்குள் போன் மறுபடியும் அதிர்ந்தது.

"சரி சார்" என்றாள் பிரேமலதா. யமுனாவுக்காக அவள் பேசியது அவ்வளவுதான்.

ரோஹிணியின் ஓடிபி இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கிடைத்தது. நெட் சென்டரில் ரோஹிணியே ஒவ்வொன்றாகப் பதிந்தாள். திருப்பதி எலெக்ட்ரானிக்ஸ் முதலில், திருப்பதி எலெக்ட்ரிக்கல் இரண்டாவது. பதிந்து முடித்துப் பிரதி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எப்படி மேடம் குடுத்தாரு?"

"கேட்டேன், குடுத்தாரு."

"அப்போ மத்தவங்களுக்கும் கேக்கலாமே?"

"நீ வூட்டுக்குப் போ. மூணு மணி பஸ் போயிடும்."

இரண்டே முக்காலுக்குப் பிரேமலதா கணினி அறைக்குள் நுழைந்தாள். பேச்சு நின்றது. காலிப் பொட்டலங்கள் மூலையில் குவிந்திருந்தன, ஈக்கள் மொய்த்தன. சாய்குமார் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"தாள்ல இருக்கறபடி போடுங்க" என்றாள். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு ஊருக்குக் கிளம்புங்க. நேரமாகுது."

 மூன்றாவது வரிசையில் யமுனா எழுந்தாள். அவளும் தமிழ் வீட்டுப் பெண். அப்பா கூலி வேலை. கையில் பிரேமலதா எழுதிக்கொடுத்த வரிசை இருந்தது.

"மேடம், எனக்கு அனந்தபூர் வரும்னு சொன்னீங்களே? முதல் அஞ்சும் அதையே போடுன்னீங்க."

"சொன்னேன்."

"அப்போ இது?"

"இதுவும் நல்ல காலேஜ்தான். பக்கத்துல கீது. பஸ் வரும். லேப் எல்லாம் புதுசு."

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

"பார்த்தேன்" என்றாள் பிரேமலதா. "பெட்டிகூடப் பிரிக்கலை. அவ்வளவு புதுசு."

பின்பெஞ்சில் ஒருவன் சிரித்தான். அவன் அதை மேடத்தின் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டான். சாய்குமாரும் சிரித்தான், பல்லிடுக்கில் குச்சி இருந்தது. யமுனா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பிரேமலதாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். அவள் கையெழுத்துப் போட்டதும் அந்த வரிசையே போட்டது. அடுத்த வரிசையும் போட்டது. நாலரை மணிக்குள் அறுபத்து இரண்டு தாள்கள் சேர்ந்துவிட்டன. பிரேமலதா அவற்றை எண்ணி ரப்பர் பேண்டு போட்டுச் சாய்குமாரிடம் கொடுத்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். உங்களுக்குன்னு ஒரு பார்சல் எடுத்து வச்சிருக்கேன்" என்றான். பொட்டலத்தின் அடியில் எண்ணெய் கசிந்து காகிதம் ஊடுருவித் தெரிந்தது. அவள் வாங்கிக்கொண்டாள்.  அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஜூலை 22 அன்று ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தது. ரோஹிணிக்குத் திருப்பதியில் எலெக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. சண்முகம் பிரேமலதாவுக்கு மூன்று முறை போன் செய்தார், அவள் எடுக்கவில்லை. மற்ற அறுபத்து இரண்டு பேரில் அறுபது பேருக்குச் சாய்குமாரின் கல்லூரியில் இடம் ஒதுக்கப்பட்டது. இரண்டு பேருக்கு எங்கும் கிடைக்கவில்லை. யமுனா 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை அந்தக் கல்லூரியில் சேர்ந்தாள்.