நல்லதற்கு ஒரு தரம்

என்ஜினை நிறுத்தினால்தான் காது கேட்கும். சாந்தரூபனின் மூன்று சில்லு மோட்டார் சைக்கிளில் இது தீராத கரைச்சல். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் பிளக்கின் பொறி ஒவ்வொன்றும் வானொலிச் செற்றுக்குள் வந்து விழும். தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல ஒரே இரைச்சல். அதற்குள் தூரத்துக் குரல் எதுவும் பிடிபடாது. நிறுத்தினால் எல்லாம் கேட்கும். ஆனால் பற்றரி பழசு. பேசப் பேச இறங்கிவிடும். இறங்கினால் சுவிட்சை அமத்தி என்ஜினை எடுக்க முடியாது, உதைத்துத்தான் எடுக்கவேண்டும். உதைக்கிற பெடல் வலது பக்கம். அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த வருடம், சொந்தக் காணியைப் பார்க்கப் போனபோது கண்ணிவெடியில் கால் போனது. பிறகுதான் பழைய மோட்டார் சைக்கிளின் பின்சில்லைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு சில்லுகளைப் பூட்டி, மேலே ஒரு தகரப் பெட்டியையும் இருத்தினான். பெட்டிக்குள் செற். ஓரத்தில் நட்ட தடியில் அன்ரெனாக் கம்பி. கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி எடுத்த அமெச்சூர் வானொலி லைசன்ஸ், பிளாஸ்ரிக் உறைக்குள் எப்போதும் சட்டைப் பையில் கிடக்கும். நேவிக்காரர் எப்போது கேட்பார்கள் என்று சொல்லமுடியாது.

அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. செற்றிலும் பேசுவதைவிடக் கேட்பதுதான் அவனுக்குப் பிடிக்கும். ஒரு குரல் முடிந்து இன்னொரு குரல் தொடங்குமுன் வருகிற அந்தச் சீறல் ஒலியைக் கேட்டபடி எவ்வளவு நேரமும் இருப்பான்.

"வீட்டில வாய் திறக்காத மனுசன், காத்தோட மட்டும் கதைப்பார்" என்று அவன் மனைவி ஜெயகௌரி வருகிறவர்களிடம் சொல்லுவாள். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள்.

இப்போது அவள் சிரிக்கவில்லை. புயல் போன பிறகும் அவர்கள் இருந்த தீவில் ஒரு ரெலிபோனும் வேலை செய்யவில்லை. பெருநிலத்தில் முசலிப் பக்கம் போகிற றோட்டு வெள்ளத்துக்குள் கிடந்தது. அந்தப் பக்கத்தில், குளக்கட்டு ஒன்றின் கீழே உள்ள கிராமத்து முன்பள்ளியில்தான் அவர்களுடைய ஒரே மகள் சுவேதினி படிப்பித்துக்கொண்டிருந்தாள். கட்டு உடைந்ததாகச் செய்தி வந்தது. பின்னால் இன்னொரு கதையும் வந்தது. தாழ்வுபாட்டில் இருக்கும் சிநேகிதி மாக்கிறட் அதைச் சொல்லும்போது ஜெயகௌரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒரு ரீச்சர்ப் பிள்ளையைத் தண்ணி கொண்டு போயிட்டுதாம். பேர் தெரியேல்லை. வீண் கதையாயும் இருக்கும், ஜெயா."

அன்று காலையில் சாந்தரூபன் முசலியில் இருக்கும் றிஸ்லானைச் செற்றில் பிடித்தான். றிஸ்லானும் லைசன்ஸ்காரன். இருவரும் நேரில் சந்தித்தது இரண்டே தரம்தான். "ஆளை அனுப்பிப் பாக்கிறன், அண்ணன். அசர் தொழுகைக்குப் பிறகு வாங்கோ, சொல்றன்" என்றான் அவன்.

பின்னேரம் ஜெயகௌரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தாழ்வுபாட்டுக் கரைக்குப் போனான். ஈரமான உப்பு மண்ணில் நின்றால் செற் நன்றாக எடுக்கும். வள்ளங்கள் மீன் வாடிகள் வரைக்கும் இழுத்து ஏற்றப்பட்டிருந்தன. கருவாடு காயப்போடும் பரண்கள் சரிந்து கிடந்தன. சனம் அவனுக்கு முதலே வந்து நின்றது. காலையில் அவன் பேசியதை யாரோ பார்த்துப் பரப்பிவிட்டார்கள்.

"சாந்தன், இந்தியாவோடதான் கதைக்கிறாய் எண்டு உன்னை எவ்வளவு நக்கலடிச்சனான்!" பிலிப்பு கிட்ட வந்து சொன்னான். நாலைந்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி, கரையில் எல்லோரையும் சீண்டுகிறவன். "இப்ப பார், நானும் வரிசையில நிக்கிறன். அந்தக் கம்பியைக் கொஞ்சம் முசலிப் பக்கம் திருப்பு ராசா."

"திருப்பத் தேவையில்லை. அது எல்லாப் பக்கமும் போகும்."

"என்ர மனுசியின்ர வாய் மாதிரி எண்டு சொல்லு."

ஒருவர் இருவர் சிரித்தார்கள். சாந்தரூபன் என்ஜினை நிறுத்தினான். கடல் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அழைத்தான். கொஞ்ச நேரத்தில் றிஸ்லானின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஆனால் தெளிவாக வந்தது.

வானலையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மற்றவர்களின் அவசரம் முதலில், தன் வீட்டு விசயம் கடைசியில். சாந்தரூபன் அதன்படியே செய்தான். ஒருத்தியின் தங்கச்சி பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறாள். ஒரு கிழவருக்கு இன்சுலின் வேண்டும். பிலிப்புவின் மருமகன் மாடுகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டான். மைக்கை அமத்தும் ஒவ்வொரு தடவையும் செற்றின் சின்ன வெளிச்சம் மங்கி மங்கி எழுந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே அடுத்த ஆளைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

"இஞ்சேருங்கோ" என்றாள் ஜெயகௌரி.

"ஒரு நிமிசம். இவையின்ரயும் முடியட்டும். அதுதான் ஒழுங்கு."

 அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

கடைசி ஆளும் விலகியதும், அவன் கேட்காமலே றிஸ்லானின் குரல் வந்தது. "அண்ணன், உங்கட மகளின்ர விசயம்..."

வெளிச்சம் அணைந்தது. குரலும் இல்லை, சீறலும் இல்லை.

 சாந்தரூபன் சுவிட்சை அமத்தினான். செத்த பற்றரி ஒரு முறை 'டக்' என்றது.

"தள்ளு" என்று அவனை விலக்கி, பிலிப்பு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெடலை உதைத்தான். பலமுறை உதைத்தபின் என்ஜின் பிடித்தது. செற்றுக்கும் உயிர் வந்தது. அதோடு அந்த இரைச்சலும். சாந்தரூபன் காதை ஸ்பீக்கரோடு ஒட்டினான். மழைக்குள் யாரோ பேசுவது போலவும் இருந்தது, யாரும் பேசாதது போலவும் இருந்தது. இப்போது அவனால் பேச முடியும். கேட்கத்தான் முடியாது.

பேச்சுக் கேட்காது. ஆனால் தந்திக் குறி அடிக்கிற மோர்ஸ் சாவியை விடாமல் அமத்தினால் வருகிற ஒற்றை ஊதல், இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வரும். அது அவனுக்குத் தெரியும். மைக்கை எடுத்தான்.

"றிஸ்லான், உங்கட குரல் எனக்கு எடுபடேல்லை. என்ஜின் ஓடுது. சாவியை அமத்துங்கோ. பிள்ளை சுகமாய் இருந்தால்..."

ஜெயகௌரி அவனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுகமாய் இருந்தால் நீளமாய் ஒரு தரம் அமத்துங்கோ. ஓவர்."

மற்றதையும் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அது நாக்கின் நுனியில் நின்றது. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையைத் தகப்பன் தன் வாயால் சொல்வதா? விளக்கு வைக்கிற நேரத்தில், தாய் பக்கத்தில் நிற்கும்போது? மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டான்.

இரைச்சல். வேறொன்றும் இல்லை. கடல் ஒரு தரம் வந்து சில்லைத் தொட்டுவிட்டுப் போனது.

அப்போதுதான் தான் செய்த பிழை அவனுக்கு உறைத்தது. நல்லதற்கு மட்டும் அடையாளம் கொடுத்திருக்கிறான். இப்போது இந்த வெறும் இரைச்சலுக்கு என்ன பொருள்? றிஸ்லானுக்குக் கேட்கவில்லையா? அல்லது கேட்டும், அமத்துவதற்கு ஒன்றும் இல்லாமல், சாவிக்கு மேலே விரலை வைத்தபடி இருக்கிறானா?

"இன்னொருக்காக் கேள் சாந்தன்" என்றான் பிலிப்பு. அவனுடைய குரலில் சீண்டல் இல்லை.

சாந்தரூபன் மைக்கைத் தூக்கினான். பொத்தானில் விரலை வைத்தான், அமத்தவில்லை. ஜெயகௌரி அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். செற்றைத் தொட்டு அறியாதவள், பொத்தான் எங்கே என்று பார்த்து அமத்தினாள்.

"தம்பி, நான் சுவேதினியின்ர அம்மா. பிள்ளை இருந்தால் ஒரு தரம் அமத்துங்கோ. இல்லாட்டி..." மூச்சு ஒன்றை உள்ளே இழுத்தாள். "இல்லாட்டி ரெண்டு தரம். எதெண்டாலும் சொல்லுங்கோ, தம்பி. சொல்லாமல் மட்டும் இருக்காதேங்கோ."

பின்னால் ஒரு பெண் "அந்தோனியாரே" என்றாள்.

வந்தது. மெல்லியதாக, சங்கை எங்கோ தூரத்தில் ஊதினாற்போல, நீளமாக வந்து நின்றது.

"ஒண்டு" என்றாள் ஜெயகௌரி. "முடிஞ்சுதோ? இனி இல்லைத்தானே?"

அவன் காதை ஸ்பீக்கரிலிருந்து எடுக்கவில்லை. ஒன்று என்பது ஒன்றுதான் என்று நம்ப, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?  சனத்தில் ஒருவர் கைதட்டத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுபடியும் ஊதல் வந்தது.

 ஜெயகௌரி மைக்கைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிலிப்பு தலையைக் குனிந்தான். சாந்தரூபன் மட்டும் கையை உயர்த்தி எல்லோரையும் மறித்தான். செய்தி போய்ச் சேர்ந்ததோ தெரியாதபோது திரும்பத் திரும்ப அனுப்புவது செற்காரரின் பழக்கம். றிஸ்லானும் அப்படித்தான் செய்வான். இது இரண்டாவதா, முதலாவதையே திருப்பிச் சொன்னதா? இரண்டு என்றால் அடுத்தடுத்து வந்திருக்கவேண்டும். இது வெகு நேரம் கழித்தல்லவா வந்தது? அல்லது அவன் மனம்தான் அந்த நேரத்தை நீட்டியதா?

"பொறு, ஜெயா. பொறு."

அதே இடைவெளி. மூன்றாவது ஊதல். அதே இடைவெளி. நான்காவது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஆறுதலாக.

"ஒண்டுதான்" என்றான். "ஒண்டைத்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறான். பிள்ளை இருக்கிறாள்."

ஜெயகௌரி ஈர மணலில் அப்படியே குந்திவிட்டாள். பிலிப்பு அவனுடைய முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். மாக்கிறட் அழுதாள். சாந்தரூபன் நன்றி சொல்லிச் செற்றை நிறுத்தினான். என்ஜினை நிறுத்தவில்லை. அப்படியென்றால் தண்ணீர் கொண்டுபோன ரீச்சர் யாருடைய பிள்ளை என்ற எண்ணம், மகிழ்ச்சியின் அடியில் ஒரு முள்ளைப்போலக் கிடந்து குத்தியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பனைகளுக்கு நடுவே றோட்டில் யாரும் இல்லாத இடத்தில், ஜெயகௌரி பின்னாலிருந்து கேட்டாள்.

"ரெண்டு தரம் எண்டு சொல்ல உங்களால ஏன் ஏலாமல் போச்சு?"

அவன் ஏதோ சொன்னான்.

"கேக்கேல்லை. நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுங்கோ."

நிறுத்தினால் திரும்ப எடுக்க முடியாது. இருவருக்கும் அது தெரியும். அவன் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடினான். பிறகு ஓரம் கட்டித் திறப்பைத் திருப்பினான். என்ஜின் அடங்கியது. பனையோலைகளில் காற்று உரசியது. அவன் ஹாண்டிலையே பார்த்துக்கொண்டு சொன்னான். 

"எனக்குக் கேக்கப் பயமாய் இருந்தது, ஜெயா. அதுதான் மற்ற ஆக்களின்ர எல்லாத்தையும் முதல்ல அனுப்பினனான். ஒழுங்கு எண்டு சொன்னது சும்மா. பற்றரி இறங்குறதையும் பாத்தனான்."

 அவள் இறங்கி, வண்டியைச் சுற்றி வலது பக்கம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பெடலில் காலை வைத்தாள். உடனே உதைக்கவில்லை.