சம்பந்தச் சுருட்டு

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணியளவில், திருகோணமலைக்கு வடக்கேயுள்ள சல்லிக் கிராமத்தில், முத்துலிங்கத்தின் வீட்டு விறாந்தையில் ஒரு வெண்கலத் தட்டம் நீட்டப்பட்டது. எடுக்க வேண்டியவர் அதை எடுக்கவில்லை. நீட்டியவரும் கையை மடக்கவில்லை.

தட்டத்தில் வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே, மாப்பிள்ளை வீட்டாரின் கௌரவமாக, யாழ்ப்பாணச் சுருட்டுகள் இரண்டு படுத்திருந்தன. நீட்டியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் சீனித்தம்பியர்; திரியாயிலிருந்து சால்வையின் மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்தவர். எடுக்க வேண்டியவர் பெண்ணின் தகப்பன் முத்துலிங்கம். வீடு, வளவு, நகை எல்லாம் முன்னரே பேசி முடிந்துவிட்டன. மிஞ்சியிருந்தது ஒரு சடங்கு. பெண்ணின் தகப்பன் ஒரு சுருட்டைப் பற்றவைத்து இழுக்க வேண்டும். அதன் நெருப்பிலிருந்து மாப்பிள்ளையின் மாமன் தம்முடைய சுருட்டைப் பற்றவைக்க வேண்டும். இருவர் வாயிலும் ஒரே நெருப்புப் புகைந்தால்தான் சம்பந்தம் ஒப்பியதாகும் என்பது அக்குடும்பங்களின் வழமை. பெண்ணின் சம்மதத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சுருட்டின் சம்மதம் போதுமானதாயிருந்தது.

குசினி வாசலில் நின்ற குணமணி கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலைக்குப் போகும்போது பற்றவைத்த சுருட்டு கரைக்கு வரும்வரை வாயை விட்டு இறங்காது என்பது முத்துலிங்கத்தின் நெடுநாட் பெருமை. சென்ற ஆண்டு மாரிகாலத்தில் அவருடைய நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்தியது என்றார். பல்லைப் பிடுங்கிய பின்னும் புண் ஆறவில்லை. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நாக்கின் ஒரு பங்கை வெட்டியெடுத்து, பிறகு பல வாரங்கள் கரண்ட் என்னும் கதிர்வைத்தியம் பிடித்தார்கள். வீட்டுக்கு விடும் நாளன்று டாக்குத்தர் சொன்னதைத் தமிழ் தெரிந்த தாதி மிஸ்ஸி ஒருத்தி எடுத்துரைத்தாள். வைத்தியத்துக்குப் பிறகு புகையை விட்டவர்களே கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். விடாதவர்களுக்கு வருத்தம் திரும்பி வருகிறது, அல்லது வாயின் வேறோரிடத்தில் புதிதாக முளைக்கிறது. இவை சொல்லப்பட்டபோது முத்துலிங்கம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுகூட ஏலாதோ, மிஸ்ஸி?" என்று குணமணிதான் கேட்டாள்.

"அந்த ஒண்டிலதான், அம்மா, எல்லாரும் திரும்பத் தொடங்கிறது."

ஊருக்கு வந்ததும் சல்லி முழுவதும் சுகம் விசாரிக்கத் திரண்டு வந்தது. ஒரு கையில் தோடம்பழம், மறு கையில் சுருட்டுக் கட்டு. பாவம், மனுசன் வேதனையில் கிடக்கிறார், ஒரு ஆறுதலுக்கு இருக்கட்டும் என்பது அவர்களுடைய இரக்கம். அந்த இரக்கத்தையெல்லாம் குணமணி அடுப்பில் போட்டு எரித்தாள். தெரு அவளுக்குச் 'சுருட்டுப் பொலிஸ்' என்று பட்டம் சூட்டியது. நாக்கைத் தின்ற சுருட்டுக்கு ஒருவரும் பட்டம் சூட்டவில்லை.

"என்ன சம்பந்தி, கை நோகுது. எடுங்கோவன்," என்றார் சீனித்தம்பியர்.

"அவருக்கு ஏலாது, அண்ணை," என்றாள் குணமணி. "வாயில வருத்தம் வந்து தப்பினவர். புகையே கூடாதெண்டு டாக்குத்தர் சொன்னவர். தட்டத்தைத் தொட்டுக் கும்பிடுவார். அதோட ஒப்புக்கொள்ளுங்கோ."

சீனித்தம்பியர் விறாந்தைத் தூணை நோக்கிச் சிரித்தார். பெண்கள் பேசினால் தூணுக்கு மறுமொழி சொல்வது அவர் கடைப்பிடித்த மரியாதை.

"டாக்குத்தர் சுருட்டைத்தானே வேண்டாமெண்டவர்? இது சுருட்டில்லைத் தங்கச்சி, சடங்கு. ஒரேயொரு இழுவை! அதையும் புற்றுநோய் பாத்துக்கொண்டோ இருக்கப்போகுது?"

"நீங்கள் உங்கட மருமகனுக்குப் பொம்பிளை கேட்டு வந்தனீங்களோ, என்ர மனுசன்ர உயிரைக் கேட்டு வந்தனீங்களோ?"

முத்துலிங்கம் தொண்டையைச் செருமினார். வெட்டுண்ட நாக்கில் சொற்கள் குழறின. "பிள்ளையின்ர காரியம், குணமணி. எனக்கென்ன ஆசையே? பிள்ளைக்காக ஒருக்கா..."

சொல் முடியுமுன் கை புறப்பட்டுவிட்டது. மாதக்கணக்காக ஒளிந்திருந்த ஆசை இன்று தகப்பன் பாசமென்னும் பட்டுவேட்டியை உடுத்துக்கொண்டு சபைக்கு வந்திருந்தது. அந்த விரல்கள் இப்படிச் சுருட்டைத் தேடுவதை விடியற்காலைத் தேத்தண்ணிக்குப் பின் எத்தனையோ முறை கண்டவள் குணமணி.

"இஞ்சாருங்கோ, கையை எடுங்கோ."

கை பின்வாங்கியது. முத்துலிங்கத்தின் தம்பி முத்தன், எந்தச் சண்டைக்கும் நடுவில் பாய் விரிப்பவன், முன்னே வந்தான். "மச்சாள், அண்ணைக்குப் பதிலா நான் இழுக்கிறன். கதை முடிஞ்சுது."

சீனித்தம்பியர் சற்று யோசித்தார். "இழுக்கலாம். ஆனா தட்டம் எடுத்தவன்தான் தகப்பன். கலியாணத்தண்டு தாரைவார்க்கிறதும் முத்தன்தான். தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சித்தப்பன் செய்யிறது வழமைதானே? இவர் உள்ளுக்கு இருக்கட்டும்."

"அவர் உயிரோட இருக்கிறார்!"

"ஆர் இல்லையெண்டது? சபைக்கு இல்லையெண்டுதான் சொல்லுறன்."

வந்திருந்த ஆண்கள் தலையசைத்தார்கள். நியாயம் அவர்களுக்கு எளிதில் விளங்கியது. இழுத்தால் மனிதன் சாவான். இழுக்காவிட்டால் செத்தவனாகக் கொள்ளப்படுவான். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழியொன்று அவர்களுடைய முன்னோருக்குத் தோன்றவில்லை. ஆகவே அவர்களுக்கும் தோன்றவில்லை.

முத்துலிங்கம் எழுந்துவிட்டார். "நான் இருக்கேக்க என்ர பிள்ளையை இன்னொருத்தன் தாரைவார்க்கிறதோ?" சுருட்டு அவர் கையில் இருந்தது. தீப்பெட்டியை முத்தனே நீட்டினான்.

குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்த மகள் பூரணி, அவற்றை யாருக்கும் கொடுக்காமல் நிலத்தில் வைத்தாள்.

"அப்பா, நீங்கள் அதைப் பத்தவச்சா நான் இந்தக் கலியாணம் செய்யமாட்டன். சித்தப்பா பத்தவச்சாலும் செய்யமாட்டன்."

"ஓகோ! பொம்பிளைக்கும் நாக்கிருக்குது!" என்றார் சீனித்தம்பியர். இம்முறை தூணைப் பார்க்க மறந்துவிட்டார்.

"ஓம் அண்ணை, இருக்குது," என்றாள் குணமணி. "அவளுக்கு முழுசா இருக்குது. இவற்ற நாக்கில ஒரு பங்கை மகரகமையில விட்டிட்டு வந்தனாங்கள். மிச்சத்தைச் சடங்குக்குத் தர ஏலாது."

அவள் கணவரின் விரல்களிலிருந்து சுருட்டை வாங்கித் தட்டத்தில் வைத்தாள். முத்துலிங்கம் விட்டுக்கொடுத்தார். முகத்தில் கோபம் இருந்தது. கையில் பிடி இருக்கவில்லை. அவள் தட்டத்தை இரண்டு கைகளாலும் எடுத்துச் சீனித்தம்பியரிடம் நீட்டினாள்.

"யோசிச்சுச் செய் தங்கச்சி. தட்டம் திரும்பினா சம்பந்தம் திரும்பாது."

"செத்தவீட்டிலயும் சுருட்டுத் தட்டம் வைக்கிறதுதானே எங்கட ஆக்களின்ர வழக்கம்? இவற்ற செத்தவீட்டுத் தட்டத்துக்கு அவசரப்படாதேங்கோ. கொஞ்சக் காலம் பொறுத்திருங்கோ."

சீனித்தம்பியர் வாசற்படலையைத் தாண்டியதும் நின்று ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். பெண்ணின் தகப்பனுடைய வாயிலிருந்து மட்டுமே வரவேண்டியிருந்த நெருப்பு, தீப்பெட்டியிலிருந்தும் வந்தது.

இறுதியில் தீர்மானிக்கப்பட்டவை இவையே. திரியாய்ச் சம்பந்தம் கைவிடப்பட்டது. மாப்பிள்ளையின் கருத்தை அவன் வீட்டார் கேட்கவில்லை. முத்துலிங்கத்தின் வீட்டில் நன்மைக்கோ தீமைக்கோ தட்டத்தில் புகையிலை வைப்பதில்லை என்று குணமணி அறிவித்தாள். முத்துலிங்கம் இரண்டு நாள் சோறு தின்னாமலிருந்துவிட்டு இணங்கினார். அடுத்த ஆவணியில் மகரகமைக்குப் போனவர், வருத்தம் திரும்பவில்லை என்னும் சொல்லோடு வந்தார். அதுவரையில் பூரணியைக் கேட்டு வேறெவரும் வரவில்லை. பிள்ளையின் கலியாணம் குழம்பியதற்குக் குணமணியே பொறுப்பு என்று தெரு தீர்மானித்தது. முத்துலிங்கம் பிழைத்திருப்பதற்கு முத்துமாரியம்மனே பொறுப்பு என்றும் அதே தெரு தீர்மானித்தது.