நாய்ப் பங்கு

தன் வேட்டை நாய் ராஸ்கோ குதிரை உயர மூஸ் மானைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காது என்று எவர்ட் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். காலடியில் முயல் ஓடினாலும் கொட்டாவிதான் விடுமாம். அப்பேர்ப்பட்ட உத்தமன்தான் ஜூலைக் கடைசியில் பக்கத்து வீட்டு மைலிஸின் கோழிக் கொட்டகைக்குள் புகுந்து, மூன்று பெட்டைகளையும் சேவலையும் கொன்று போட்டுவிட்டுப் போனது.

மைலிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர் வேட்டைக் குழுவில் முப்பது வருடமாகத் துப்பாக்கி தூக்குகிறவள். நரி கொன்றால் கொன்றதைத் தூக்கிக்கொண்டு போகும். நாய்தான் உதறி விளையாடிவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போகும். நாலு உடல்களும் புல்லில் முழுசாகக் கிடந்தன. அவள் கையைக் கழுவிக்கொண்டு நேரே எவர்ட் வீட்டுக்கு நடந்தாள்.

எவர்ட் வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். நாய் அவன் காலடியில் பச்சைக் குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தது.

"எவர்ட், உன் நாய் என் கோழியில நாலக் கொன்னுருச்சு."

"ராஸ்கோவா? போ மைலிஸ். நரியா இருக்கும்."

"நரி நாலக் கொன்னு நாலையும் விட்டுட்டா போவும்? அதுக்கென்ன விரதமா?"

"அவன் பரிசு வாங்குன நாய். கோழியெல்லாம் தொடமாட்டான்."

"பரிசுப் பத்திரத்தை என் கோழிங்க படிக்கல. பாரு, நான் சண்டைக்கு வரல. உன் கொல்லையில கம்பி வேலி ஒண்ணு போட்டு அவன உள்ள விடு. அவ்வளவுதான் கேக்குறேன்."

"செய்யாத குத்தத்துக்கு அவனுக்கு ஜெயிலா?" என்றான் எவர்ட். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரமே ஊர்க் கடையில் மைலிஸைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். நாய்க்கும் நரிக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்றாம், இனிமேல் பசுவை மூஸ் என்று சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கோழி போனதைவிட இந்தப் பேச்சுதான் அவளுக்கு எரிந்தது. காட்டில் அவள் "சுடலாம்" என்றால் சுடுவார்கள், "வேண்டாம்" என்றால் துப்பாக்கியை இறக்குவார்கள். அந்த வாய்ச்சொல்லுக்கு மதிப்புப் போனால் பிறகு அவளுக்கு அந்தக் குழுவில் என்ன வேலை?

ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி காலை, சமையலறை ஜன்னல் வழியே கண்ணாலேயே பார்த்தாள். வாயில் பழுப்புப் பெட்டையோடு கொல்லை நடுவில் ராஸ்கோ. இன்னொன்று அதன் காலடியில் கிடந்தது. மைலிஸ் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து, குண்டு போட்டு, படியில் நின்று குறி வைத்தாள். நாற்பது அடி தூரம். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் தப்பாது. சட்டமும் அவள் பக்கம்தான் இருந்திருக்கும்.

நாய் நிமிர்ந்து அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. ஏழு வருடமாகக் காட்டில் அவளோடு ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்ற நாய் அது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அவள் துப்பாக்கியைத் தாழ்த்தி, தொண்டை கிழியக் கத்தினாள். ராஸ்கோ கோழியைப் போட்டுவிட்டு ஓடியது. அதன்பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குண்டை வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு ராஸ்கோ கழுத்தில் பட்டை இருந்ததை அவள் கவனித்திருந்தாள். வேட்டைப் பழக்கத்துக்கு நாயை விடும்போது கட்டுகிற பட்டை அது. நாய் எங்கெல்லாம் போகிறதோ அதைக் குழுவிலுள்ள எல்லாருடைய போனிலும் கோடாக வரைந்து காட்டும். மைலிஸிடம் இருப்பது பொத்தான் போன், அதில் கோடும் வராது, புள்ளியும் வராது. ஆகவே குழுத் தலைவர் யால்மரிடம் போனாள். எழுபது வயது மனிதர்.

"யால்மர் அண்ணே, இருபத்தஞ்சாந்தேதி காலையில நாய் எங்க போச்சுன்னு உங்க போன்ல பாத்தீங்களா?"

"அன்னைக்கு... நான் போனே பாக்கலம்மா," என்றார் யால்மர், காபிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி. "இப்ப எதுக்கும்மா? வேட்டைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. முடியட்டும், பேசிக்கலாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் காரணம் அவளுக்குப் புரிந்தது. ஸ்வீடனின் வடக்கே மூஸ் வேட்டை தொடங்குகிற செப்டம்பர் முதல் திங்கட்கிழமை என்றால் தீபாவளியும் பொங்கலும் சேர்ந்த மாதிரி. ஆலையில்கூட விடுப்பு விட்டுவிடுவார்கள். குற்றம் உறுதியாகி ராஸ்கோ இல்லாமல் போனால் குளிர்காலம் முழுக்க எட்டு வீட்டுக் குளிர்பெட்டியும் காலி. அதனால் அவளும் எவர்ட்டும் போக மீதி ஆறு பேர் போனிலும் கோடு இருந்தது, ஆறு பேர் வாயிலும் பூட்டு இருந்தது.

சரி, முடியட்டும் என்றாள் மைலிஸ். மீதிக் கோழிகளைக் கொட்டகையிலேயே அடைத்து வைத்துவிட்டு, எவர்ட்டோடும் அந்த நாயோடும் ஒரு வாரம் காட்டுக்குப் போய் வந்தாள். ராஸ்கோ மூன்று மூஸ்களை மடக்கி நிறுத்திக் குரைத்தது. அதில் ஒன்றைச் சுட்டவள் அவள்தான். நாயின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அவளே சொன்னாள்.

இறைச்சி தொங்கிப் பதமானபின் ஒரு சனிக்கிழமை பங்கு போட்டார்கள். வேட்டைக் குழுவின் கொட்டகையில் நீள மேசைமேல் ஒன்பது கூறு. எட்டுப் பேருக்கு எட்டு, ஒன்பதாவது நாய்ப் பங்கு. நாய்ப் பங்கு நாய்க்காரனுக்குச் சேரும், அது தாத்தா காலத்து வழக்கம். எந்தக் கூறு யாருக்கு என்பதில் சண்டை வரக்கூடாது என்று இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். தலைவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்கிறவர் ஒரு பெயர் சொல்லுவார். சொன்னால் சொன்னதுதான். கடைசிக் கூறுக்குப் பெயர் விழும்வரை யாரும் தன் கூறில் கை வைக்கக் கூடாது. இருபது வருடமாகத் திரும்பி நிற்பவள் மைலிஸ்.

"இது யாருக்கு?"

"யால்மர் அண்ணனுக்கு."

"இது?"

"பெயர்த்தாவுக்கு."

இன்னும் இரண்டு பெயர் போயிற்று. ஐந்தாவது கூறை யால்மர் தொட்டார்.

"இது யாருக்கு?"

"என் கோழிங்களுக்கு," என்றாள் மைலிஸ்.

யாரோ சிரித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

"அப்படி ஒரு பேரு நம்ம கணக்குல இல்லையேம்மா," என்றார் யால்மர்.

"நாய் பேரு இருக்கும்போது கோழி பேரு இருக்கக் கூடாதாண்ணே? அது ராஸ்கோ பங்குதான். அவன் பங்க அவன் முன்னாடியே என் கொல்லையில வந்து எடுத்துக்கிட்டான். ஆறு தலை."

"மறுபடி ஆரம்பிச்சிட்டாளா!" என்றான் எவர்ட். "மைலிஸ், இது பங்கு போடுற இடம். விளையாடாத."

"விளையாடல. யாராவது ஒருத்தர் நடந்ததை நடந்தபடி சொல்ற வரைக்கும் நான் திரும்பவும் மாட்டேன், மீதி நாலுக்குப் பேர் சொல்லவும் மாட்டேன். எனக்கு அவசரம் இல்ல. ஃபிளாஸ்க்ல காபி இருக்கு."

சுவரைப் பார்த்தபடியே பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து ஊற்றிக் குடிக்க ஆரம்பித்தாள். பின்னால் ஒன்பது கூறும் அப்படியே கிடந்தன. வெளியே வண்டிகள் நின்றன, வீடுகளில் அடுப்பு காத்திருந்தது. ஏழு வேட்டைக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

கடைசியில் யால்மர்தான் தொண்டையைக் கனைத்தார். "நான் பார்த்தேம்மா. அன்னைக்கு உன் கொல்லையில பதினோரு நிமிஷம் நின்னான். உங்கிட்ட பொய் சொன்னேன்."

"நானும் பாத்தேன்," என்றாள் பெயர்த்தா மெதுவாக.

"எல்லாரும் நிறுத்துங்கப்பா," என்றான் எவர்ட். அவன் குரல் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "போன் எதுக்கு? எனக்கு ஜூலையிலேயே தெரியும். வாயெல்லாம் ரத்தமும் இறகுமா வந்து நின்னான். குழாயடியில வச்சு நானே கழுவி விட்டேன். இவ வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி."

மைலிஸ் ஃபிளாஸ்க்கை மூடினாள்.

"கோழி ருசி கண்ட நாய எங்கப்பா ஒரு நாள் வச்சிருக்க மாட்டாரு. துப்பாக்கியோட கொட்டகைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயிருவாரு. ஒத்துக்கிட்டா நானும் அதத்தானே செய்யணும்? எம் பொண்டாட்டி சிவ் செத்ததுக்கப்புறம் அந்த வீட்டுல என்னத் தவிர மூச்சு விடுற ஜீவன் அவன் ஒருத்தன்தான். முடியல."

மைலிஸ் திரும்பினாள். கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது கோபம்தான்.

"சுடச் சொல்லி உங்கிட்ட யார்ரா கேட்டா? சுடணும்னா நானே சுட்டிருப்பேன். படியில நின்னு குறி வச்சேன். வால ஆட்டுனான், இறக்கிட்டேன். நான் கேட்டது ஒரு வேலி, எவர்ட். நாலு கம்பமும் ஒரு சுருள் கம்பியும். அதுக்குப் பதிலா ஊரே என்னப் பாத்துச் சிரிக்கட்டும்னு விட்டியே, அதான் மனசு ஆறல."

எவர்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்தக் கூறு என் கோழிங்களோடது, சொன்னா சொன்னதுதான்," என்றாள். "நாளைக்கு இத நான் சமைக்கிறேன். சாப்பிட எல்லாரும் எவர்ட் கொல்லைக்கு வாங்க. வரும்போது ஆளுக்கு ஒரு கம்பமும் சுத்தியலும் கொண்டு வாங்க. வாயப் பூட்டி வச்சிருந்தீங்கள்ல, கையாவது வேலை செய்யட்டும்."

யாரும் மறுக்கவில்லை. அவள் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பி, மிச்ச நாலு பெயரையும் மளமளவென்று சொல்லி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் வந்தார்கள். மதியத்துக்குள் கம்பங்கள் நட்டாயிற்று. பெரிய சட்டியில் இறைச்சிக் குழம்பு கொதித்தது, பக்கத்தில் உருளைக்கிழங்கும், லிங்கன் என்கிற புளிப்புக் காட்டுப்பழத்தின் ஜாமும். பாதி முடிந்த வேலிக்குள் ராஸ்கோ மணத்தைப் பிடித்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தது. மைலிஸ் ஏணியில் நின்று மேல்கம்பி இழுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வழியாகக் காரில் போன பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "என்ன எவர்ட், கோட்டை கட்டுறியா? நரித் தொல்லை ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேனே!"

கொல்லையில் சுத்தியல் சத்தம் நின்றது. எவர்ட் கையிலிருந்த கம்பத்தைத் தரையில் ஊன்றினான்.

"நரியெல்லாம் இல்ல," என்றான், ரோடு வரை கேட்கிற குரலில். "என் நாய் மைலிஸோட கோழியில அஞ்சாறு கொன்னுருச்சு. அவ அப்பவே சொன்னா. நான்தான் பொய் சொன்னேன்."

"அஞ்சாறு இல்ல," என்றாள் மைலிஸ் ஏணியிலிருந்து. "சேவலோட சேத்து ஆறு. சொல்றதுதான் சொல்ற, சரியாச் சொல்லு."

"ஆறு," என்றான் எவர்ட்.