எட்டு விரற்கடை

ஜனவரி மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை, முதல் ஷிப்ட் தொடங்கி இருபதாவது நிமிடத்தில், மைன்ஸ் ஆபீஸ் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த தனகோடி தரையிலிருந்து எட்டு விரற்கடை எழும்பி நின்றாள். அதே நேரத்தில் அவளோடு வேலை செய்யும் கான்ட்ராக்ட் ஆட்கள் நாற்பத்திரண்டு பேரும் எழும்பினார்கள். முப்பத்தேழு பேர் எட்டு விரற்கடை, மீதி ஐந்து பேர் ஏழு. அன்று பனி அதிகம். ஆறு மணி பஸ் தாமதமாக வந்ததைப் பற்றித்தான் கேண்டீனில் எல்லோரும் பேசினார்கள்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. முந்தைய வாரம் கான்ட்ராக்ட் ஏஜென்சி, தன் ஆட்களின் மகிழ்ச்சியை அளப்பதற்காகப் படிவங்கள் அனுப்பியிருந்தது. வாழ்க்கை பத்துப் படி கொண்ட ஏணி என்றால் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பது முக்கியமான கேள்வி. சூப்பர்வைசர் கலியமூர்த்தி யாரையும் கேட்கவில்லை. அங்கே வழக்கமே அப்படித்தான். பம்ப் ரீடிங் ஆனாலும் ஆள் விவரம் ஆனாலும் பழைய ஷீட்டைப் பார்த்துப் புது ஷீட்டை நிரப்புவார்கள். சூப்பர்வைசர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். பெயர், வயது, ஊர், நிலம் எல்லாவற்றையும், சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது தயாரித்த இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு பட்டியலிலிருந்து கலியமூர்த்தி எழுதினான். ஏணிக் கேள்விக்கு மட்டும் பழைய ஷீட் இல்லாததால் எட்டு என்று போட்டான். படிவங்களைக் கணினியில் ஏற்ற வந்த சண்முகப்ரியா, டவுன்ஷிப்பில் வளர்ந்து இயற்பியல் படித்த பெண், ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தாள். ஒரு படிக்கு ஒரு விரற்கடை. ஏஜென்சி ஆபீசில் தாங்களே யோசித்துப் பதில் எழுதிய பன்னிரண்டு பேரில் ஒருவரும் எழும்பவில்லை.

பத்து நாளில் ஜனங்களுக்குப் பழகிவிட்டது. செருப்பு தேயவில்லை, மழையில் சேறு ஒட்டவில்லை. விளக்குமாற்றுக் கழியை அரை சாண் நீட்டிக் கட்டிக்கொண்டார்கள். தனகோடிக்கு மட்டும் பழகவில்லை. அவள் பத்தொன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தாள். பெர்மனன்ட் வேலைக்குப் பரிந்துரைக்கும் பட்டியலை ஏஜென்சிதான் தயாரிக்கும். அதில் இந்த முறை அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. பிப்ரவரியில் அந்தப் பெயரை அடித்துவிட்டார்கள். ஏணியில் ஏழுக்கு மேல் நிற்பவர்கள் மனநிறைவோடு இருப்பதால் அவர்களுக்கு அவசரமில்லை என்று ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கலியமூர்த்தியை அவள் சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்தாள்.

"ஏன்டா, எந்தப் படியில நிக்கறன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதாங்க்கா போட்டேன். அஞ்சு பேருக்கு ஏழு. அப்பதான் நெசம் மாதிரி இருக்கும்."

"எம் புருஷன் செத்தது எத்தினி படிடா? எம் பொண்ணு காலேஜ வுட்டு நின்னது எத்தினி படி? எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு ஒனக்கு எட்டு வந்துச்சா?"

"கம்மியாப் போட்டா என்னை வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கக்கா. நீ ஏன் கத்திக்கினு இருக்கற? துடைச்ச தரையில ஒங்கால் தடம் வுழறதில்லன்னு ஆபீசர்ங்களே சந்தோஷமா சொல்றாங்க."

அவனை அடிக்கக் கை ஓங்கினாள். எட்டு விரற்கடை உயரத்தில் இருந்ததால் குறி தப்பி அவன் தலைமுடிதான் கலைந்தது.

தரைக்கு வர அவள் என்னென்னவோ செய்தாள். முந்தானையில் நிலக்கரிக் கட்டிகளை முடிந்துகொண்டாள். ரேஷன் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துப் பார்த்தாள். எடை மெஷினில் ஏறினால் முள் அசையவில்லை. தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஏஜென்சி ஆபீசுக்குப் போய், எட்டை அடித்து ஒன்று என்று போடச் சொன்னாள். மேனேஜர் குஞ்சிதபாதம் மரியாதையானவர். உட்காரச் சொல்வார். அவள் நாற்காலிக்கு எட்டு விரற்கடை மேலே உட்கார்ந்துகொண்டு திட்டுவாள். கையெழுத்தான நம்பரை அடுத்த அளவீடு வரை மாற்ற முடியாது, அது மூன்று வருடம் கழித்து வரும் என்று அவர் ஒவ்வொரு நாளும் சொல்வார். "இவ்ளோ ஒசரத்துல இருந்துகினு கோவப்படறீங்களேம்மா, யாராச்சும் நம்புவாங்களா?" என்று ஏப்ரல் மாதம் ஒருநாள் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

தனகோடி எழுந்து வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பவில்லை. கோபத்தில் கால் போன திசையில் நேராக நடந்தாள். வேலிக் கம்பியைத் தாண்டினாள். சுரங்கத்தின் விளிம்பு வந்தது. அதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். முந்நூறு அடிக்குக் கீழே கன்வேயர் பெல்ட் கயிறு போலத் தெரிந்தது. அவள் இறங்கவில்லை. எட்டு விரற்கடை என்பது எந்தத் தரையிலிருந்து என்று படிவத்தில் எழுதியிருக்கவில்லை. நிலம் என்ற இடத்தில் மட்டும், ஒரு காணி, முந்திரி, என்று எழுதியிருந்தது. அது அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்து, பிறகு சுரங்கத்துக்குப் போன நிலம். அந்தக் காணி இருந்த இடம் வந்ததும் பழுத்த முந்திரிப்பழ வாசனை அடித்தது. அவள் கால்களுக்குக் கீழே, எட்டு விரற்கடை தள்ளி, சருகு நொறுங்கியது. அங்கே நின்றுகொண்டாள்.

தலைக்கு மேல் ஒரு பெண் நிற்கும்போது மண்வெட்டும் ராட்சத எந்திரத்தை ஓட்ட முடியாது என்று ஆபரேட்டர் நிறுத்திவிட்டார். எந்திரம் நின்றதும் ஏஜென்சிக்கு வியர்த்தது. குஞ்சிதபாதம் ஜீப்பில் வந்தார். சண்முகப்ரியாவை டேப்லெட்டோடு கூட்டிவந்தார். விளிம்பில் நின்று கைகளைக் குவித்துக் கத்தினார்.

"அம்மா! நம்பர மாத்திடறேங்க! ஒன்னா ரெண்டா, நீங்களே சொல்லுங்க! இப்பவே போட்டுடறோம்!"

சண்முகப்ரியாவின் விரல் டேப்லெட்டுக்கு மேல் நின்றது. அவள் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு மேனேஜரைப் பார்த்தாள். "சார், அவங்களே சொல்லி ஒன்னுன்னு போட்டா விழுந்துருவாங்க சார்" என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. டேப்லெட்டை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"பாப்பா! அந்த எட்டு மேல யாரும் கை வைக்கக் கூடாது!" தனகோடியின் குரல் பள்ளத்தில் இரண்டு முறை திரும்பிவந்தது. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள். "மூணு மாசமா ஒங்காபீசுக்கு நடந்தேன். இப்ப நான் எந்நெலத்துல நின்னுகினு பேசறேன். எம்பேர அடிச்ச லிஸ்ட எடுத்தாந்து இங்க படி!"

இரண்டரை மணி நேரம் கழித்துப் பட்டியல் வந்தது. அடித்த பெயரைத் திரும்ப எழுதி, குஞ்சிதபாதம் சத்தமாகப் படித்தார். மூன்றாவது பெயர் தனகோடி, ஊர் வடக்குத்து. மற்ற நாற்பத்திரண்டு பேரையும் எழுதச் சொன்னாள். ஜீப் பானட்டில் வைத்து எழுதினார். மனநிறைவு பற்றிய வரியை அவரையே கிழித்து வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அவர் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். போகட்டும் என்று விட்டாள்.

பட்டியல் மேலே போயிருக்கிறது. ஆர்டர் இன்னும் வரவில்லை. பதிவேட்டின்படி தனகோடி மிக மகிழ்ச்சியான தொழிலாளிகளில் ஒருத்தி. அவள் கோபம் ஒரு விரற்கடை கூடக் குறையவில்லை. திங்கட்கிழமைதோறும் பள்ளத்தின் மேலே போய் நின்று, ஆர்டர் என்ன ஆயிற்று என்று அங்கிருந்து கேட்கிறாள். அவள் திரும்பும்வரை எந்திரம் நிற்கிறது. அந்த நேரத்தை ஷிப்ட் புத்தகத்தில் மழை நேரம் போலக் குறித்துக்கொள்கிறார்கள்.

மே மாதம் அவள் அங்கிருந்து இரண்டு சாக்கு முந்திரிக்கொட்டை கொண்டுவந்தாள். காடாம்புலியூர் வியாபாரி ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தார். அவள் கால் தரையில் படாததையும் பார்த்தார். ஈரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நன்றாகக் காய்ந்தது என்றாள். அன்றைய விலையைச் சொல்லி, சாக்கைத் தராசில் ஏற்றினார். முள் சரியாக எடை காட்டியது.